ஷூட்டிங் எடுபிடி வேலைக்கு நாற்பதாயிரம் ரூபாய் படிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பேப்பரில், வாடகை வீடு, மணமகள் தேவை, ஜோசியம் எல்லாம் வரும் அந்த வரி விளம்பரப் பத்தியில், சினிமா மற்றும் டிவி புரொடக்‌ஷன் பயிற்சி, மூன்று மாதம், நூறு சதவீத வேலை உறுதி என்று நாலு வரி பார்த்தேன். பார்த்ததும் வயிறு எரிந்தது. ஏறக்குறைய இதே நாலு வரியை நம்பித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அக்கா சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்து நாற்பதாயிரம் ரூபாய் கட்டினாள். அதே ஆட்களா வேறு ஆட்களா என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை, பெயரைச் சொல்லி வம்பு வளர்க்கவும் நான் எழுதவில்லை. அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது, உண்மையில் என்ன கிடைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும், இந்த வேலையைப் பதினாறு வருஷமாகச் செய்கிறவன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன்.

நான் தாராவியில் பிறந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். நான் எப்படியோ இந்தி சீரியல் செட்டுக்குள் போய்விட்டேன், இன்று வரை வெளியே வரவில்லை. நடிகன் இல்லை, டைரக்டர் இல்லை. புரொடக்‌ஷன்காரன். ஆரம்பத்தில் செய்த வேலைக்கு ஆங்கிலத்தில் புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட், ரன்னர் என்று பெரிய பெரிய பெயர் இருக்கிறது, தமிழில் அதற்குச் சரியான ஒரே வார்த்தை எடுபிடிதான். எடு என்றால் எடுக்கணும், பிடி என்றால் பிடிக்கணும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், படிப்பே வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். புனேயில் 1960-லிருந்து அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது, கோரேகாவ் பிலிம் சிட்டிக்குள்ளேயே ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது, கேமரா, எடிட்டிங், ஒலிப்பதிவு படிக்கிறவர்கள் வருஷக்கணக்கில் படிக்கட்டும், அது வேறு. எடுபிடி வேலைக்கு மூன்று மாதமும் நாற்பதாயிரமும் எதற்கு என்பதுதான் கேள்வி.

அந்த வேலை என்னவென்று வெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரியாததால்தான் இந்தப் பிழைப்பு நடக்கிறது. 9 மணி ஷிப்ட் என்றால் 7 மணிக்கே போய் ஜெனரேட்டர் வண்டி வந்துவிட்டதா, நடிகர்கள் தங்கும் வேனிட்டி வேனில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கணும், காலை நாஷ்தா தட்டு எத்தனை என்று எண்ணணும், நடிகரை மேக்கப் அறையிலிருந்து கூட்டி வரணும், ஷாட் ஓடும்போது வாசலை அடைத்துக்கொண்டு நிற்கணும், திடீரென்று ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் வேண்டும் என்பார்கள், மலாட் மார்க்கெட்டுக்கு ஓடி வாங்கி வந்து பில்லையும் பத்திரமாக வைக்கணும். ராத்திரி எல்லோரும் கிளம்பிய பிறகு நாளைக்கான கால்ஷீட்டை ஒவ்வொருத்தருக்கும் அனுப்பி, பார்த்தார்களா என்று போன் போட்டுக் கேட்கணும். இந்தக் கால்ஷீட் என்ற வார்த்தையே நம் ஆட்களைக் குழப்பும். நம் சினிமாச் செய்திகளில் கால்ஷீட் என்றால் நடிகர் கொடுக்கும் தேதி. மும்பை செட்டில் அது ஒரு காகிதம். நாளைக்கு எந்த இடம், எந்த சீன், யார் எத்தனை மணிக்கு வரணும், யாருக்கு வண்டி, பக்கத்து ஆஸ்பத்திரி எது, எல்லாம் அதில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை தெரிந்த மாதிரி.

சரி, என் அக்கா மகன் படித்த கதைக்கு வருகிறேன். அந்தேரியில் ஒரு மொபைல் கடைக்கு மேல் மாடியில் கிளாஸ். வாரத்துக்கு மூன்று நாள். முதல் மாசம் உலக சினிமா வரலாறு, இரண்டாவது மாசம் ஒரு பழைய கேமராவைப் பத்து பேர் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தது, மூன்றாவது மாசம் ‘பர்சனாலிட்டி டெவலப்மென்ட்’. ஒரே ஒரு நாள் செட் விசிட், அதிலும் செட்டுக்கு வெளியே நின்று போட்டோ. கடைசியில் தங்கக்கலர் பார்டர் போட்ட சர்ட்டிபிகேட். அக்கா அதை லேமினேட் செய்து பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள், நான் வாயைத் திறக்கவில்லை. உறுதி சொன்ன வேலை என்னவென்றால், மூன்று மாதம் சம்பளமில்லாத இன்டர்ன். ரயில் டிக்கெட்டும் அவனுடையதுதான்.

அந்த செட்டில் முதல் நாள் அவன் கையில் வாக்கிடாக்கியைக் கொடுத்தார்கள். பயல் அதை வாங்கியதிலிருந்து, கீழே போட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் கெட்டியாகப் பிடித்திருக்கிறான். பிடித்த பிடியில் பட்டனும் அமுங்கியே இருக்கிறது. ஒருத்தர் பட்டனை அழுத்தியிருந்தால் அந்த சேனலில் வேறு யாரும் பேச முடியாது. ஏழெட்டு நிமிஷம் யூனிட் முழுக்க இவன் மூச்சு விடுவதையும் செருப்பு சரசரப்பதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் தனக்குத்தானே ‘பசிக்குதே’ என்றிருக்கிறான், தமிழில். அதுவும் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. பட்டனை விட்டதும் எங்கிருந்தோ ஒரு லைட்மேன், நம்ம ஊர்க்காரர் போல, ‘தம்பி, ஒரு மணிக்குத்தான் சாப்பாடு’ என்று அதே சேனலில் பதில் சொன்னாராம். இன்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்று அவனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் திட்டிய திட்டில் இரண்டு நாள் வீட்டை விட்டு வரவில்லை.

நாற்பதாயிரம் வாங்கியவர்கள் நாற்பது நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது. பட்டனை அழுத்து, ஒரு நொடி பொறு, யாரைக் கூப்பிடுகிறாயோ அவர் பெயரை முதலில் சொல், பிறகு உன் பெயர், சேதியை ஒரே மூச்சில் முடி, விரலை எடு. கேட்டது புரிந்தால் ‘காப்பி’ என்று சொல், புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் திரும்பக் கேள். ஷாட் ஓடும்போது சத்தத்தைக் குறை. அவ்வளவுதான்.

நானும் அசடு வழிந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மட் ஐலண்டில் ஒரு பங்களா, அழுகைக் காட்சி. அந்த அம்மா கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கதவைப் பார்த்து அழணும். அந்தக் கதவருகில் நான் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நன்றாக அழுதுகொண்டிருந்தவர் என் மூஞ்சியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். யாரோ ‘லுக் கிளியர் கரோ!’ என்று கத்தினார்கள். என் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது, துடைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து கர்சீப் எடுத்து நன்றாகத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நடிக்கிறவர் பார்வை போகும் திசையில் நிற்காதே, விலகு என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று ஒரு ஸ்பாட் தாதா, அதாவது செட்டில் டீ கொடுக்கும் பெரியவர், என் காலரைப் பிடித்து இழுத்துப்போய்ச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்த தாதாதான் எனக்கு வாத்தியார். டீ கொடுக்கிறவர் என்று செட்டில் பாதிப் பேர் அவரை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், ஆனால் எந்த டைரக்டருக்கு எப்போது கோபம் வரும், எந்த ஷாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும், வியாழக்கிழமை டிவி ரேட்டிங் வந்தபின் யார் பக்கத்திலும் போகக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அவர் சொன்ன இன்னொரு பாடம், மற்ற டிபார்ட்மென்ட் சாமானில் கை வைக்காதே. லைட் ஸ்டாண்ட் வழியில் நின்றாலும் நீயாக நகர்த்தாதே, லைட்மேனைக் கூப்பிடு. உதவி செய்கிறேன் என்று போய் வாங்கிக் கட்டிக்கொள்ளும் புதுப் பையன்களை மாசத்துக்கு ஒருவனாவது பார்க்கிறேன். இது சங்கத்துக் கறார் மட்டும் இல்லை, உயிர் விஷயம். சூடான லைட்டில் கையைச் சுட்டுக்கொள்வான், மூட்டை வைத்து அழுத்தியிருக்கும் ஸ்டாண்டை இழுத்து யார் தலையிலாவது சாய்த்துவிடுவான், மழை பெய்த தரையில் கிடக்கும் கேபிளைக் கையால் தூக்குவான். 2024 நவம்பரில் பிலிம் சிட்டியில் ஒரு சீரியல் செட்டில் கேமரா உதவியாளர் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். 2020 பிப்ரவரியில் சென்னை பூந்தமல்லி பக்கத்தில் லைட் கட்டியிருந்த கிரேன் சரிந்து மூன்று பேர் போனார்களே, அவர்களும் கேமராவுக்குப் பின்னால் வேலை பார்த்தவர்கள்தான். நம் செம்பூர் ஆர்.கே. ஸ்டூடியோ 2017 செப்டம்பரில் எரிந்ததை இங்கே பலர் வீட்டு மாடியிலிருந்து பார்த்திருப்பீர்கள். அன்று ஷூட்டிங் இல்லை, அதனால் உயிர் தப்பியது. செட் என்றால் பிளைவுட், துணி, தெர்மோகோல், பெயின்ட், நடுவில் சூடான லைட். அதற்குள் நுழைகிற பையனுக்கு முதல் நாளே வெளியே போகும் வழி எது, தீயணைக்கும் சிலிண்டர் எங்கே, மெயின் சுவிட்ச் யார் பொறுப்பு என்று காட்ட வேண்டாமா? அக்கா மகனின் மூன்று மாத நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இத்தாலிய சினிமா பற்றி நாலு பக்கம் இருந்தது, தீ பற்றி ஒரு வரி இல்லை.

பிலிம் சிட்டிக்கு இன்னொரு விசேஷம் உண்டு. 1977-ல் மகாராஷ்டிர அரசு கட்டியது, 500 ஏக்கருக்கு மேல், பக்கத்திலேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. 2023 ஜூலையில் ஒரு மராத்தி சீரியல் செட்டுக்குள் சிறுத்தை வந்தது, அப்போது உள்ளே இருநூறு பேர் இருந்தார்கள் என்று செய்தி. இருட்டில் தனியாகக் குப்பை போடப் போகாதே என்பதும் எங்கள் பாடத்திட்டத்தில் உண்டு, சிரிக்காதீர்கள்.

இனி பணம். இதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை, ஏனென்றால் சொல்லித்தந்தால் பலருக்கு நஷ்டம். நான் சேர்ந்தபோது ஷிப்டுக்கு 300 ரூபாய். 12 மணி நேர ஷிப்ட் என்று பேர், பேக்கப், அதாவது இன்றைய ஷூட்டிங் முடிந்தது என்று சொல்லி, கணக்கு முடித்து வெளியே வரும்போது கோரேகாவிலிருந்து மாஹிம் வரும் கடைசி லோக்கல் போயிருக்கும், ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் முதல் வண்டி வரை தூங்கியிருக்கிறேன். சீரியலில் சம்பளம் பெரும்பாலும் 90 நாள் கழித்துத்தான் வரும், இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். இன்று வேலை செய்தால் அந்தப் பணம் மூன்று மாதம் கழித்து. தினக்கூலி வீட்டுப் பிள்ளை அந்த மூன்று மாதம் எப்படிச் சாப்பிடுவான் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கே ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், சீரியலைத் திடீரென்று நிறுத்திவிட்டுப் போனது, இரண்டரை மாசக் கூலி அதோடு போனது. என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை, யாரிடம் போய்க் கேட்பது?

அன்றிலிருந்து பையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். தேதி, செட், வந்த நேரம், பேக்கப் நேரம், யார் கூப்பிட்டார்கள், என்ன ரேட் பேசினார்கள். ரேட்டை வாயால் பேசிவிட்டு, ‘சார், நீங்கள் சொன்ன மாதிரி ஷிப்டுக்கு இவ்வளவு, நாளைக்கு 7 மணிக்கு வந்துவிடுகிறேன்’ என்று உடனே வாட்ஸப்பில் ஒரு மெசேஜ். அவர் ஒரு கட்டைவிரல் போட்டால் போதும், அதுவே சாட்சி. வவுச்சரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தொகையைப் படி, காலியாக இருந்தால் போடாதே. கடைப் பில் தொலைந்தால் உன் பணம் தொலைந்தது என்று அர்த்தம், ஒவ்வொரு பில்லையும் அன்றே போட்டோ எடுத்துவிடு. இங்கே பெடரேஷன் என்று சொல்கிறோமே, மேற்கு இந்திய சினிமா ஊழியர் கூட்டமைப்பு, நம் சென்னையில் பெப்சி என்கிற சினிமாத் தொழிலாளர் சம்மேளனம் மாதிரி, அதன் கீழ் முப்பதுக்கு மேல் சங்கங்கள் இருக்கின்றன. எந்த வேலைக்கு எந்தச் சங்கம், கார்டு எப்போது எடுக்கலாம், பணம் வராவிட்டால் எங்கே எழுதிக் கொடுக்கணும் என்பதை ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

பெண் பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பலாமா என்று எங்கள் சந்தில் கேட்பார்கள். தாராளமாக அனுப்பலாம், இன்று ஒவ்வொரு செட்டிலும் இருக்கிறார்கள், என் இப்போதைய யூனிட்டில் எனக்கு மேலே இருப்பதே ஒரு பெண்தான். ஆனால் இது தானாக வந்துவிடவில்லை, மேக்கப் ஆர்ட்டிஸ்ட் கார்டைப் பெண்களுக்குக் கொடுக்கவே மாட்டோம் என்று சங்கம் அடம்பிடித்து, 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி திறந்தது. ராத்திரி பேக்கப் ஆனால் வீட்டுக்கு வண்டி உண்டா, பெண்களுக்குத் தனி டாய்லெட் உண்டா, தொந்தரவு கொடுத்தால் புகார் வாங்கும் கமிட்டி யார் என்று ரேட் பேசும்போதே கேட்டுவிடணும். கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்தால், அந்த இடம் போனால் போகட்டும்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பயிற்சியே வேண்டாம், செட்டில் போய்க் கற்றுக்கொள்ளட்டும் என்று யாராவது சொல்வார்கள். எங்கள் சீனியர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நாங்கள் அடி வாங்கித்தானே வந்தோம் என்று. நான் அதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். திட்டு வாங்கிக் கற்கிற முறையில் நின்று பிடிப்பவன், வீட்டில் யாராவது ஒருத்தர் சம்பாதிக்கிற பையன்தான். நம் பையன்களில் பாதிப் பேர் இரண்டாவது வாரமே ஸ்விக்கி பையை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள், அதில் வாரா வாரம் காசு வருகிறதே. நியூயார்க்கில் 2006-லிருந்து மாநகராட்சியும் புரூக்ளினில் இருக்கும் ஒரு வேலைவாய்ப்பு அமைப்பும் சேர்ந்து இதே எடுபிடி வேலைக்கு, வருமானம் குறைந்த வீட்டு ஆட்களுக்கு, இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். சில வாரம்தான். முடித்தவர்களைப் படப்பிடிப்புகளுக்கு அனுப்பியும் வைக்கிறார்கள். இத்தனை சீரியல் ஓடும் மும்பையில், வாக்கிடாக்கி பிடிக்கக் கற்றுக்கொள்ளப் பையன் நாற்பதாயிரம் கட்டுகிறான்.

அந்த வாக்கிடாக்கித் திட்டு வாங்கி இரண்டு நாள் கழித்து அக்கா மகன் என்னிடம் வந்து, ‘மாமா, நீங்களே சொல்லித்தாங்க’ என்றான். அவனும் அவன் சிநேகிதர்கள் ஐந்து பேரும், 90 அடி ரோடுக்குப் பின்னால் ஒரு நண்பரின் பட்டறையில், ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது என்பதால் அங்கே உட்கார்ந்தோம். என்னிடம் இருந்த பழைய கால்ஷீட்டுகள் பத்து, ஒரு ஜோடி பொம்மை வாக்கிடாக்கி, ஒரு டேப். ஒரு பையன் நடிகன், ஒருத்தன் கேமரா, ஒருத்தன் சந்து வாசலில் நின்று வருகிறவர்களை நிறுத்தணும். முதல் ஆளாக மீன்காரம்மா வந்தார். பயல் ‘ரோலிங், ரோலிங்’ என்று கையை நீட்டி மறித்தான். அந்த அம்மா கூடையை இறக்காமலே கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. மறிக்கிறபோது கையை நீட்டாதே, எதிரே போய் நின்று, மெதுவாக, ‘அம்மா ரெண்டு நிமிஷம், ஷூட்டிங் நடக்குது’ என்று கெஞ்சணும், எதற்கு நிறுத்துகிறோம் என்று சொல்லணும், நன்றி சொல்லணும். அந்த ஒரு பாடத்தை மட்டும் மீன்காரம்மா உதவியோடு ஒரு மணி நேரம் எடுத்தோம். நம் பிள்ளைகளுக்குத் தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் வாயில் இருக்கிறது, கூட்டத்தில் நெளிந்து போகத் தெரியும், ஆளுக்கு ஆள் மாற்றிப் பேசத் தெரியும். இந்த வேலைக்குக் கேட்கிற தகுதி அதுதான். மூன்று ஞாயிறு போதுமாக இருந்தது. ஆறு பேரில் நாலு பேர் இப்போது செட்டில் இருக்கிறார்கள், ஒருத்தனுக்குப் பிடிக்கவில்லை, ஒருத்தன் ஐடிஐ போய்விட்டான், நல்லதுதான்.

ஆனால் ஆறு பேருக்கு நான் போதும், அறுபது பேருக்கு முடியாது. நம் தமிழ்ச் சங்கங்களுக்கு ஹால் இருக்கிறது, மைக் இருக்கிறது, பட்டிமன்றத்துக்கு வருஷா வருஷம் சென்னையிலிருந்து ஆள் வரவழைக்கிறார்கள். பட்டிமன்றம் நடக்கட்டும். இடையில் நாலு ஞாயிற்றுக்கிழமை ஹாலைச் சும்மா கொடுத்தால், ரிட்டயர்டு லைட்மேன் ஒருவர், சவுண்ட் ஆள் ஒருவர், நான், இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து காசு வாங்காமல் சொல்லித்தருகிறோம். ஸ்பாட் தாதாவையும் கூட்டி வருகிறேன், அவருக்கு மட்டும் டாக்ஸிக் காசு கொடுத்துவிடுங்கள், முட்டி வலி. கம்பெனிக்காரர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இன்டர்ன் என்று பெயர் வைத்து மூன்று மாதம் ஓசியில் ஓடவிடாதீர்கள், முதல் ஷிப்டிலிருந்தே கூலி கொடுங்கள், குறைவாக இருந்தாலும் சரி.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், கோபித்துக்கொள்ளக் கூடாது. விளம்பர வருமானம் இல்லாமல் பேப்பர் நடக்காது என்பது எனக்குத் தெரியும். வேலை உறுதி என்று விளம்பரம் கொடுப்பவரிடம், எந்த வேலை, சம்பளம் எவ்வளவு, போன வருஷம் படித்தவர்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் போடுங்கள். பதில் சொன்னால் பெரிய எழுத்திலேயே போடுங்கள், நானே கட்டிங் எடுத்து எங்கள் சந்தில் ஒட்டுகிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் இல்லையென்றால் என் கர்சீப் கதையை வெட்டிவிடுங்கள், பணம் பற்றிய பகுதியையும் தீ பற்றிய பகுதியையும் வெட்டாதீர்கள். பெயரும் போட வேண்டாம், திங்கட்கிழமை எனக்கு ஷிப்ட் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு புரொடக்‌ஷன்காரன்,
தாராவி, மும்பை - 17